வரிச்சுமையும் குடிபெயர்வும்



"உன் பூட்டன் எதற்காக இந்த நாட்டுக்கு வந்தார்?" என்று தோட்டப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "பஞ்சம் பிழைக்க வந்தார், ஐயா" என்பார்கள். வீட்டில் பெரியவர்கள் சொன்னதைத்தான் பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. மழை பொய்த்தது, பயிர் கருகியது, பசி வந்தது, கப்பல் ஏறினார்கள் என்று கதை முடிந்துவிடுகிறது. மழை பொய்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதா? அதற்கு முன் எத்தனையோ முறை மழை பொய்த்திருக்கிறது. அப்போதெல்லாம் லட்சக்கணக்கான மக்கள் கடல் தாண்டி ஓடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மட்டும் ஏன் ஓடினார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், அங்கே வரி என்ற ஒன்று நிற்பதைக் காணலாம். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

வரி கொடுப்பது தவறன்று. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் வரிப்பணத்தில்தான் நடக்கின்றன. எவ்வளவு வாங்குவது, எப்படி வாங்குவது என்பதில்தான் நீதியும் அநீதியும் இருக்கின்றன. சங்க காலத்திலேயே பிசிராந்தையார் என்னும் புலவர் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு இதைத்தான் எடுத்துரைத்தார். யானைக்கு நெல்லை அளந்து கவளமாகக் கொடுத்தால் சிறு வயலின் விளைவே பல நாளைக்கு வரும். யானையே வயலில் இறங்கினால் அது தின்பதைவிட மிதித்து அழிப்பதுதான் மிகுதி என்று அரசனுக்கு அவர் விளக்கினார்.

யானை வயலில் இறங்கிவிட்டால் குடியானவர் என்ன செய்வார்? பழங்காலத்தில் அவர் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுவதே அந்த ஆயுதம். அக்காலத்தில் நிலம் நிறைய இருந்தது. உழுவதற்குத்தான் ஆள் போதவில்லை. ஓர் ஊரார் போய்விட்டால் நிலம் தரிசாகும், அரசனின் பண்டாரம் காலியாகும். விஜயநகர அரசர் காலத்தில், வரிச்சுமையால் குடிகள் ஊரைவிட்டுப் போக, பின்பு வரியைக் குறைத்து அவர்களை மீண்டும் குடியேற்றிய செய்தியைச் சொல்லும் கல்வெட்டுகள் உண்டு.

அவற்றுள் ஒன்றை நாம் மறக்கக்கூடாது. காவிரிப் பாசன வட்டாரத்தில் கொறுக்கை என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1429-ஆம் ஆண்டு வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று உண்டு. வலங்கை, இடங்கை என்று இரண்டு பெரும் பிரிவாக நின்ற உழைக்கும் மக்கள் ஒன்றாகக் கூடி எடுத்த முடிவு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் கருத்து இதுதான்: விளைச்சலைப் பார்த்து வரி வாங்காமல் முறைகேடாக வாங்கினார்கள், நாங்கள் ஊரைவிட்டு ஓடிப்போக இருந்தோம், நாட்டார் அனைவரும் ஒன்றுபட்டு நிற்காததால்தான் இந்த அநியாயம் நடந்தது என்பதை அப்போது உணர்ந்தோம், இனி விளைவுக்குத் தக்க நியாயமான வரியை மட்டும் கொடுப்போம், முறையற்றதைக் கொடுக்கமாட்டோம். ஓடிப்போவதற்கும் ஒன்றுகூடுவதற்கும் நடுவில் நின்று யோசித்திருக்கிறார்கள் அந்த மக்கள். ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய இந்த யோசனையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபின் நிலைமை மாறியது. 1792-இல் சேலம், பாராமகால் பகுதியைக் கம்பெனி பெற்றபோது, அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ என்ற இரு அதிகாரிகள் அங்கே ஒரு புதிய வரிமுறைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ரயத்துவாரி என்பது அதன் பெயர். ரயத்து என்றால் குடியானவர். ஊர் மொத்தத்துக்கும் ஒரு தொகை என்றில்லாமல், ஒவ்வொரு குடியானவர் நிலத்தையும் அளந்து, தரம் பிரித்து, அவரவர் பெயரில் பணமாக வரி விதிப்பது இந்த முறை. மன்றோ 1820-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநரானார். அவர் காலத்தில் இம்முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது.

இதில் துன்பம் எங்கே வந்தது? இரண்டு இடத்தில் வந்தது. முதலாவது, வரியின் அளவு. நிகர விளைச்சலில் பாதிக்கு மேல் வாங்கலாகாது என்று 1864-இல் அரசு விதி செய்தது. பாதிக்கு மேல் வேண்டாம் என்பதே ஒரு சலுகையாக இருந்ததென்றால், அதற்கு முந்திய நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, நெல்லாக இல்லாமல் பணமாகக் கட்டவேண்டும் என்ற ஏற்பாடு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு இருபது ரூபாய் கிஸ்தி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கலம் நெல் இரண்டு ரூபாய்க்கு விற்றால் பத்துக் கலம் விற்றுக் கட்டிவிடலாம். விலை ஒரு ரூபாயாக இறங்கினால் இருபது கலம் விற்கவேண்டும். அரசு வரியை ஒரு காசும் கூட்டவில்லை. ஆனால் குடியானவர் வீட்டு நெல் இரு மடங்கு போய்விட்டது. 1820-களின் பிற்பகுதியிலிருந்து 1850-கள் வரை சென்னை மாகாணத்தில் தானிய விலை தாழ்ந்தே கிடந்தது. கிஸ்தி கட்டவேண்டிய நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் நெல்லை விற்க வந்தால் விலை இன்னும் இறங்கும். விற்றும் போதாதபோது வட்டிக்கடைதான் கதி.

கட்டாதவர் கதி என்ன? 1855-இல் சென்னையில் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்காகக் கீழ்நிலை அலுவலர்கள் மக்களைச் சித்திரவதை செய்தது உண்மை என்று அரசு அமைத்த அந்தக் குழுவே ஒப்புக்கொண்டது. விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகியவற்றின் பெயர்கள் அந்த அறிக்கையில் உள்ளன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இச்செய்தி பேசப்பட்டது. கார்ல் மார்க்ஸ் 1857-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இதைப் பற்றி எழுதினார்.

இங்கே சிலர் கேட்கலாம்: "நம்மில் பலருடைய முன்னோருக்கு நிலமே இல்லையே? பண்ணையாளாகவும் படியாளாகவும் இருந்தவர்களுக்கு நிலவரி எப்படிச் சுமையாகும்?" நல்ல கேள்வி. பட்டாவில் அவர்கள் பெயர் இல்லை. கிஸ்தி அவர்களிடம் கேட்கப்படவும் இல்லை. ஆனால் நிலமுடையவர் தமக்கு வந்த சுமையைத் தம் தலையிலேயே வைத்துக்கொள்வாரா? படி நெல்லைக் குறைத்தார், ஆளைக் குறைத்தார். மேலே வைத்த சுமை படிப்படியாக இறங்கிக் கடைசியில் குனிந்து நிற்பவர் முதுகில்தான் வந்து உட்கார்ந்தது. அதோடு உப்புக்கும் வரி இருந்தது. கஞ்சிக்கு உப்பு வேண்டாத ஏழை உண்டா? நெசவாளர் தறிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வரி இருந்தது.

பழைய காலமாக இருந்தால் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது எங்கே போவது? பக்கத்து ஊரும் கம்பெனியுடையது; பக்கத்து மாவட்டமும் பெரும்பாலும் கம்பெனியுடையது. எந்தத் திசையில் நடந்தாலும் அதே கலெக்டர், அதே தாசில்தார், அதே கிஸ்தி. பழைய ஆயுதம் உள்நாட்டில் மழுங்கிப் போனது. மிச்சமிருந்தது கடல் ஒன்றுதான்.

1876-இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் மூதாட்டிகள் சொன்னது இதைத்தான். 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போதும் தானியம் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குச் செலவைக் குறைக்க வேண்டி, நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கூலி வகுத்தார். உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்று சென்னைச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடிய பிறகே அது உயர்த்தப்பட்டது. பஞ்சம் முடியும் காலத்தில், 1878-இல், உப்பு வரியோ உயர்ந்தது. ஆகவே, மழை பொய்த்தது இயற்கை. அந்த ஒரு வருடத்தைத் தாங்குவதற்கு வீட்டில் ஒரு மூட்டை நெல்லும் இல்லாமல் போனது வரியாலும் கடனாலும் வந்த வினை.

திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்து மக்கள் புறப்பட்டார்கள். சிலர் இலங்கைக்கும், சிலர் பர்மாவுக்கும், சிலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் வந்தார்கள். முதலில் கரும்புத் தோட்டம், பிறகு காப்பித் தோட்டம், அதன் பிறகு ரப்பர். நம் சிலாங்கூரின் வடபகுதியில், கோலசிலாங்கூர் தொடங்கிப் பத்தாங் காலி வரை, காடு வெட்டிக் கித்தா மரம் நட்ட கைகள் அவர்களுடையவை. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையில் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது. அந்தத் தோட்டத்தின் பெயரே தென்னமரம். தமிழ்ச் சொல்லாலேயே அது அழைக்கப்பட்டது என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டும்.

நேயர்களே, மலாயாவில் வரி இல்லையா? ஒரு வகையில் இல்லை என்றே சொல்லலாம். தோட்டத்தில் உழைத்தவரிடம் நிலவரி கேட்க யாரும் வரவில்லை. நிலையான வருமான வரிச் சட்டம் இந்நாட்டில் 1948-இல்தான் நடைமுறைக்கு வந்தது. குடியிருக்க லயம் உண்டு, வாடகை இல்லை. கிஸ்தியைக் கண்டு நடுங்கிய மனிதருக்கு இது பொன்னாடாகத் தோன்றியிருக்கும்.

ஆனால் கணக்கின் அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். தொடக்க காலத்தில் ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் கப்பல் செலவு அவர் கூலியிலேயே பிடிக்கப்பட்டது. ஒப்பந்த காலம் முடியுமுன் தோட்டத்தைவிட்டுப் போனால் அது குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. ஊரைவிட்டுப் போவதையே ஆயுதமாகக் கொண்டிருந்த இனத்துக்கு, போகும் உரிமையே பறிபோனது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, கப்பல் செலவை முதலாளிமார் சேர்ந்து ஏற்றார்கள். 1910-இல் ஒப்பந்த முறைக்கு ஆள் எடுப்பது நின்றது. ஆனாலும் கங்காணிக்குத் தலைக்காசு, கடையில் பற்று, மாலையில் கள்ளுக்கடை என்று கூலிப்பணம் கைக்கு வருமுன்னே வழி பார்த்துப் போனது. தாசில்தாரின் கிஸ்தி போய்ப் பற்றுப் புத்தகம் வந்தது. சுமையின் பெயர் மாறியதே தவிரச் சுமை முழுவதும் இறங்கிவிடவில்லை.

உலகம் எங்கும் இப்படித்தான். இன்று அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் வரியும் வீட்டு விலையும் தாங்காமல் பலர் டெக்சஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்கிறார்கள். டெக்சசில் மாநில வருமான வரி கிடையாது. ஆனால் வீட்டுக்கும் நிலத்துக்கும் செலுத்தும் வரி அங்கே கடுமையானது. போய்ச் சேர்ந்தபின் அதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. அவர்கள் சொந்தக் காரில் போகிறவர்கள். நம் முன்னோர் கப்பலின் மேல்தட்டில் கிடந்து வந்தவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் பாடம் ஒன்றுதான்: விட்டுப் போகும் இடத்தின் செலவு நமக்குத் தெரியும்; போய்ச் சேரும் இடத்தின் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, நம் மக்களின் சுமை எப்போது உண்மையில் குறைந்தது? 1930-இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது ஆண்களின் நாட்கூலி ஐம்பது காசிலிருந்து நாற்பது காசாகக் குறைக்கப்பட்டது. பிறகு இன்னும் இறங்கியது. அந்த ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வருவதும் போவதும் பிறர் கையில் இருந்தது. 1938 ஜூன் மாதத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. கதவு மூடியது. இருப்பவர்கள் இங்கேயே வாழ்வைத் தேடவேண்டிய நிலை பிறந்தது.

அப்போதுதான் கொறுக்கை மக்கள் கண்ட அந்த இரண்டாவது வழியை நம் மக்களும் கண்டார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் என்பவர் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூடவேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்று கேட்டார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் பரவியது. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிர் நீத்தனர். அந்தப் போராட்டம் அடக்கப்பட்டது. ஆனால் கேட்ட கேள்வி அடங்கவில்லை. 1951-இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. 1954-இல் பி. பி. நாராயணன் முன்னின்று நடத்திய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். லயத்தில் பிறந்தவர்கள் ஒரே நாளில் வேலையும் வீடும் இழந்தார்கள். அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, "பத்துப் பத்து வெள்ளியாகப் போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம்" என்ற கருத்தை எடுத்துரைத்தார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளரின் பணத்தில் வாங்கப்பட்டது. பால் வெட்டிய கைகளே பங்குப் பத்திரம் வாங்கின. நிலம் இல்லாததால் கடல் கடந்து வந்த மக்களின் வரலாற்றில் இது சாதாரணச் செய்தியா?

இருந்தும் புறப்பாடு நிற்கவில்லை. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டையோடு பல்லாயிரம் பேர் கப்பலேறித் திரும்பினார்கள். பாஸ்போர்ட்டைப் பற்றியும் குடியுரிமைப் பாரத்தைப் பற்றியும் காலத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் பிரிந்துபோன குடும்பங்கள் அவற்றுள் உண்டு. அதன் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நம் பக்கத்துப் பிள்ளைகள் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போகிறார்கள். கோலாலம்பூரின் வீட்டு விலையைத் தாங்க முடியாதவர்களோ பத்தாங் காலிப் பக்கம் வீடு தேடி வருகிறார்கள்.

தோட்டத்தைவிட்டுப் போகாதீர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். போகவேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். லயத்து வீடு வேலை உள்ளவரைதான் நம் வீடு. ஓய்வு பெற்ற மறுநாள் அது நம்முடையதன்று. ஆனால் போகுமுன் கணக்குப் போடுங்கள். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் வாடகை எவ்வளவு, மின்சாரம், தண்ணீர் எவ்வளவு, போக்குவரத்துக்கு எவ்வளவு? சொந்த வீடு வாங்கினால் நிலவரியும் ஊராட்சிக்குக் கட்டும் மதிப்பீட்டு வரியும் எவ்வளவு? தவணைக் கடையில் வாங்கும் பொருளுக்கு வட்டி எவ்வளவு? கணவனும் மனைவியும் உட்கார்ந்து, படித்த பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பாருங்கள். பூட்டன் காலத்தில் அந்தக் கணக்கைக் கிராணியும் கங்காணியும் எழுதினார்கள். இன்று நாமே எழுதலாம்.

இன்னொன்றும் செய்யுங்கள். இன்றிரவு வீட்டில் இருக்கும் மூத்தவரிடம், நம் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள், எந்தத் தோட்டத்தில் முதன்முதலில் பேர் பதிந்தார்கள் என்று கேட்டு, அதே நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி யாராவது உங்கள் பிள்ளையிடம், "நீங்கள் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள்தானே?" என்று ஏளனமாகக் கேட்டால், அவன் தலைகுனிய வேண்டியதில்லை. "விளைந்ததில் பாதியைக் கொண்டுபோன ஆட்சியைவிட்டு வந்தோம்; வந்த இடத்தில் காடு திருத்தினோம்; உரிமை கேட்டோம்; பத்துப் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டமும் வாங்கினோம்" என்று அவன் நிமிர்ந்து சொல்லட்டும். அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலை மட்டுமன்று; உங்கள் வேலையும்தான்.